முக்கால் பதம்

சென்னியப்பன் முக்கால் பதம் வெந்துவிட்டதாக டாக்டரம்மா சொன்னார். காதுமடலுக்குப் பின்னால் ஓர் ஈர்க்குச்சியை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தார். குச்சி வழுக்கிக்கொண்டு உள்ளே போய், ஓரிடத்தில் தட்டி நின்றது. நின்ற இடத்தில் நகத்தால் ஓர் அடையாளம் வைத்து, குச்சியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சம்பூர்ணமும் எட்டிப் பார்த்தாள். தினமும் சோறு வடிக்கிறவளுக்கு அந்த அளவு புரியாமல் போகுமா? அவளுடைய கணவருக்கு உள்ளே இன்னும் நறுக்கென்று இருந்தது ஒரு கால் பங்குதான்.

டாக்டரம்மா மருந்து எதுவும் எழுதவில்லை.

“வெந்தது வெந்ததுதான். அதை மறுபடியும் பச்சையாக்க முடியாது. மிச்சம் இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். அடுப்புல ஏறாத சாப்பாடாக் குடுங்க. காய், கீரை, முளைகட்டின பயறு, தேங்காய், எதுவா இருந்தாலும் பச்சையா. ரெண்டு வேளை. வதக்கக் கூடாது, ஆவியில காட்டக் கூடாது, தாளிக்கக் கூடாது.”

“தாளிக்கவுமா?” என்றார் சென்னியப்பன். அந்த அறைக்குள் வந்ததிலிருந்து அவர் வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றைத்தான்.

அந்தியூர்ப் பக்கம் எல்லோருமே வேகிறவர்கள்தான். சூடான சோறும் சூடான குழம்பும் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் ஆள் கொஞ்சங் கொஞ்சமாக வேகத்தானே செய்வார். சிலர் அறுபதில் வெந்து முடிப்பார்கள், சிலர் எண்பது வரைக்கும் தாக்குப்பிடிப்பார்கள். சென்னியப்பனுக்கு ஐம்பதிலேயே இப்படி ஆனதற்கு அவருடைய தொழிலும் ஒரு காரணம் என்று சம்பூர்ணம் நினைத்தாள். மஞ்சள் வேகவைக்கும் பாய்லர் ஒன்றை அவர் வைத்திருந்தார். தை பிறந்தால் போதும், அதை டிராக்டரில் மாட்டி இழுத்துக்கொண்டு தோட்டந் தோட்டமாகப் போவார். சாயங்காலம் வீடு திரும்பும்போது சட்டைக் காலரிலிருந்து ஆவி வரும். அதோடு உட்கார்ந்து, கொதிக்கக் கொதிக்க ரசம் கேட்பார்.

திரும்பும் வழியில் சம்பூர்ணம் வண்டியை அவருடைய அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னாள். வேண்டுமென்றேதான் சொன்னாள்.

அண்ணன் நாச்சிமுத்து முழுதாக வெந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கூடத்தில் ஒரு பித்தளை அண்டாவில் இருந்தார். உடம்புக்கு அண்டாவின் வடிவம் வந்துவிட்டிருந்தது. தலை மட்டும் விளிம்புக்கு மேலே, படிய வாரி, விபூதி இட்டு, பார்க்க லட்சணமாக இருந்தது. எறும்பு ஏறாமல் இருக்க அண்டாவை அகலமான தாம்பாளத்தில் வைத்துச் சுற்றிலும் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.

“மாமா, எப்படி இருக்கறீங்க?” என்று சம்பூர்ணம் கேட்டாள்.

“சரி,” என்றார் நாச்சிமுத்து.

அவருடைய மனைவி ருக்மணி காபி கொண்டுவந்து கொடுத்தாள். “வலி கிடையாது, சீக்குக் கிடையாது. யார் வந்து எதைக் கேட்டாலும் சரிங்கறாரு. போன வாரம் பழைய இரும்பு எடுக்கறவன் வந்து, பெரியவரே, இந்த சைக்கிளை எடுத்துக்கட்டுங்களான்னான். சரின்னுட்டாரு. சின்ன வயசுல அதுல பவானி வரைக்கும் போயிட்டு வந்த மனுசன். வேறொருத்தர் தொட்டாலே சத்தம் போடுவாரு.”

“இப்பச் சத்தமே இல்லையா அக்கா?”

“எங்கே? குழம்புல உப்பு ஒரு கல்லு கூடினாத் தட்டைத் தள்ளிவிட்டுட்டு எந்திரிச்சுப் போவாரு, உனக்குத் தெரியுமே. இப்ப உப்பே போடாம வெச்சாலும் சரிதான். நானும் வேணும்னே போடாமப் பார்த்துட்டேன்.” ருக்மணி முந்தானையால் அண்டாவின் விளிம்பைத் துடைத்தாள். “சண்டை போடறதுக்கு ஒரு ஆள் இல்லாத வூடு வூடே இல்லை சம்பூர்ணம்.”

முழுதாக வெந்தவர்கள் முதலில் இழப்பது ‘வேண்டாம்’ என்ற சொல்லைத்தான். அதைச் சொல்வதற்கு ஒருவருக்கு உள்ளே எங்கேயாவது கொஞ்சம் கெட்டியாக இருந்தாக வேண்டும். சம்பூர்ணம் ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தாள். சென்னியப்பன் அண்ணனைப் பார்க்காமல், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே காபியைக் குடித்து முடித்தார். காபி நல்ல சூடு.

மறுநாளே சம்பூர்ணம் ஆரம்பித்துவிட்டாள். வெள்ளரியையும் காரட்டையும் பொடியாக நறுக்கி, முளைகட்டிய பச்சைப்பயறைச் சேர்த்து, தேங்காய் துருவிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, மூன்று தட்டுகளில் எடுத்து வைத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மகள் மிருதுளா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காத்திருந்தாள். கல்லூரியில் படிக்கிறவள். அவளுக்கு வெந்நீரில் முக்கி எடுத்த பதம்தான் ஆகியிருந்தது. ஆனால் சாயங்காலமானால் ஃப்ரைடு ரைஸ், ராத்திரியானால் நூடுல்ஸ் என்று போகிற போக்கு அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

“ஏம்மா, எப்பச் சமைக்கப் போற?”

“சமைச்சாச்சு. இதுதான்.”

“வேண்டாம்,” என்றார் சென்னியப்பன்.

“ஏனுங்க, ஒரு வாய் வெச்சுப் பாருங்க.”

“வேண்டாம் புள்ள. வேகாத மஞ்சளை மண்டியில எவன் வாங்குவான் சொல்லு? வூட்டுக்குள்ள வெச்சிருந்தாக்கூடப் பூஞ்சை புடிச்சு நாறிப்போகும். வேக வெச்சாத்தான் ஒரு பண்டம் நிக்கும். ஊருக்கே வேக வெச்சுக் குடுக்கறவன்கிட்ட வந்து பச்சையாத் தின்னுங்கறயே.”

“நீங்க மஞ்சள் இல்லையே.”

அவர் எழுந்துபோய் நேற்றுக் குழம்பைத் தானே சுட வைத்துக்கொண்டார். மூன்று தட்டும் அப்படியே இருந்தன. வாங்கிய காயைக் குப்பையில் கொட்ட எந்த வீட்டுப் பொம்பளைக்கு மனசு வரும்? சம்பூர்ணம் அடுப்படியில் நின்றுகொண்டே மூன்றையும் தின்று முடித்தாள்.

அதன் பிறகு அவள் செய்து பார்க்காதது இல்லை. காரட்டைப் பூப்பூவாக வெட்டி வைத்தாள். மிருதுளா அதைப் போனில் படம் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். நல்லா இருக்குது என்று அத்தனை பேரும் சொன்னார்களாம். இன்னொரு நாள் முளைப்பயறைக் கிண்ணத்தோடு பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சாமி முன்னால் வைத்துவிட்டு எடுத்து வந்தாள். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாதல்லவா? சென்னியப்பன் சொல்லவும் இல்லை. இரண்டு விரலால் ஒரே ஒரு பயறை எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார். பிரசாதத்தை யாரும் கிண்ணம் நிறையத் தின்பதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மீதியை அவளே தின்றாள்.

பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக வெள்ளரிப் பிஞ்சு வாங்கித் தின்கிற மனுஷர்தான் அவர். நான்காகக் கீறி, மிளகாய்த்தூளும் உப்பும் தடவிக் கையில் கொடுத்தால், அது பச்சைக்காய் என்பதே அவருக்குத் தோன்றுவதில்லை. இதை நினைத்துப் பார்த்த சம்பூர்ணம், ஒரு ஞாயிற்றுக்கிழமை முன் அறை ஜன்னலோரத்தில் பஸ் சீட்டுப் போல நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்தாள். பின்னாலேயே மிருதுளாவை இன்னொரு நாற்காலியில் உட்கார வைத்தாள். அப்புறம் தாம்பாளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.

“வெள்ளரீ... பிஞ்சு வெள்ளரீ...”

சென்னியப்பன் கம்பிக்கு வெளியே கையை நீட்டினார். அவள் ஓடி வந்தாள். விரல் நுனிக்குக் காய் எட்டப் போகிற சமயத்தில் கையை உள்ளே இழுத்துக்கொண்டு, “வண்டி எடுத்துட்டாங்க,” என்றார். பஸ் ஸ்டாண்டில் அது எப்போதும் நடப்பதுதான். சம்பூர்ணம் காயை நீட்டியபடி சுவரோடு கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தாள். சுவர் முடிந்துவிட்டது. தாம்பாளத்தை இறக்கி வைத்து, வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து, எல்லா வெள்ளரியையும் தானே தின்றுவிட்டு வீட்டுக்குள் போனாள். உள்ளே இருவரும் ஊர் போய்ச் சேர்ந்த களைப்பில் படுத்திருந்தார்கள்.

இப்படியே நாள் போயிற்று. வேளைக்கு மூன்று தட்டு வைப்பாள், மூன்றும் திரும்பி வரும், மூன்றையும் தின்பாள். ஆத்திரம் வரும் நாளில் ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பாள். ஆனால் போகப் போக அவளுக்கு வேறொன்று பிடிபட்டது. அவர் ‘வேண்டாம்’ என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் ஓர் ஆறுதல் வந்தது. கால் பங்கு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

அவள் அந்த வேண்டாம்களைக் கவனிக்கத் தொடங்கினாள். முள்ளங்கிக்குச் சொல்கிற வேண்டாம் வெடுக்கென்று விழும். தேங்காய்ப் பத்தைக்குச் சொல்வதில் கொஞ்சம் சபலம் ஒட்டிக்கொண்டிருக்கும். பேப்பர் படித்துக்கொண்டே சொல்வது ஒரு மாதிரி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வது வேறு மாதிரி. கல்யாணமான புதிதில், அவளுடைய அப்பா கோயமுத்தூரில் மில் வேலை வாங்கித் தருகிறேன் என்று சொன்னபோது இதே மனுஷர் சொன்ன வேண்டாமை அவள் நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு மாதம் பேசாமல் இருந்தாள். இத்தனை வருஷம் எதோடு மல்லுக்கு நின்றாளோ அதையே இப்போது காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்று நினைத்தபோது சிரிப்பாக வந்தது, கண்ணும் கலங்கியது. அவள் குடும்பம் நடத்தியதெல்லாம் அந்தக் கால் பங்கோடுதான்.

பிறகு ஒரு நாள் அவர் “சரி” என்றார்.

கோசுமல்லிக்குக் காய் நறுக்கி, பயறோடு பிசறி, மூடி வைத்துவிட்டுக் காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போயிருந்தாள். இறங்கி வந்து பார்த்தால் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டு காலியாயிற்று. “இன்னுங் கொஞ்சம் வைக்கட்டுங்களா?” என்று கேட்டாள். “சரி.” மறுநாள் பச்சை வெண்டைக்காய். சரி. அதற்கு மறுநாள் ஊறவைத்த அவலும் நெல்லிக்காயும். சரி. மிருதுளாகூட முகத்தைச் சுளிக்காமல் தின்றாள். சம்பூர்ணத்துக்குத் தலைகால் புரியவில்லை. ருக்மணிக்குப் போன் போட்டுச் சொன்னாள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள், அந்தத் தேங்காயையும் துருவித் தட்டில் போட்டாள். தன் தட்டை மட்டும் அவள் எப்போதும்போல அடுப்படியிலேயே நின்றுகொண்டு, நறுக்கிய கையோடு முடித்துவிடுவாள். பரிமாறுகிறவள் உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கம் அந்த வீட்டில் எப்போதும் இல்லை.

கொஞ்ச நாளில் அந்தச் சந்தோஷத்தில் ஒரு முள் தட்டுப்பட்டது. சென்னியப்பன் வயர் நாற்காலியிலிருந்து எழுந்தால், முதுகில் பதிந்த வயர்ப் பின்னல் சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருந்தது. தலையணையிலிருந்து எழுந்த தலை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. பக்கத்து ஊரில் இன்னொரு பாய்லர் வைத்திருக்கும் வேலுச்சாமி ஒரு நாள் வாசலில் நின்று, “அண்ணா, இந்தத் தை, மாசி பூரா உங்க பாய்லரை நானே எடுத்துக்கட்டுங்களா?” என்று சும்மா கேட்டுப் பார்த்தான். அவன் பேரைச் சொன்னாலே முன்பெல்லாம் சென்னியப்பனுக்கு மீசை துடிக்கும்.

“சரி,” என்றார்.

வேலுச்சாமியே ஒரு நிமிஷம் தயங்கி நின்றான். பிறகு டிராக்டரைக் கொண்டுவந்து பாய்லரை மாட்டி இழுத்துக்கொண்டு போனான். சம்பூர்ணம் வெளியே ஓடி வந்தாள். “என்ன காரியம் பண்ணிப்போட்டீங்க? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்ல வாயில்லையா?” சென்னியப்பன் அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். வாய் இருந்தது. அவள் அன்றைக்கே அவரைக் கையைப் பிடித்து டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள்.

ஈர்க்குச்சி இந்தத் தடவை வெகுதூரம் போயிற்று. நின்றதா நிற்கவில்லையா என்று டாக்டரம்மாவுக்கே சந்தேகமாக இருந்தது. விரலால் சுண்டிப் பார்த்தார்.

“நெல் மணி அளவுக்கு ஏதோ தட்டுது. ஒரு கொதிதான் பாக்கி,” என்றார். பிறகு குனிந்து சென்னியப்பனின் உச்சந்தலையை முகர்ந்தார். “கடுகு வாசனை வருதே. யார் தாளிச்சது?”

வீட்டுக்கு வந்ததும் சம்பூர்ணம் கடுகு டப்பாவைத் திறந்தாள். அடியில் நாலு கடுகு உருண்டது. போன சந்தைக்கு வாங்கி நிரப்பிய டப்பா. இத்தனை நாளும் அவளுக்கு மூக்கில்லாமல் போகவில்லை. அந்த வீடு கட்டிய நாளிலிருந்து அப்படித்தான் மணக்கிறது, யாருக்குச் சந்தேகம் வரும்? தட்டு காலியாகிற சந்தோஷத்தில் காயோடு ஒட்டியிருந்த கடுகும் அவள் கண்ணில் படவில்லை.

“நான்தாம்மா,” என்றாள் மிருதுளா. “பச்சையாத்தானே இருந்துச்சு. தட்டுல வைக்கறதுக்கு முன்னாடி மேல ஒரே ஒரு தாளிப்பு. அப்பா பாவம், வெறும் காயை முழுங்க முடியாதுன்னு.”

சென்னியப்பன் மகளைத் திரும்பிப் பார்த்தார். “நீயுமா கண்ணு? நீ வர்றதுக்கு முன்னாலயே நான் ஒருக்காத் தாளிச்சுக் கொட்டி மூடி வெச்சிருவனே. உனக்குப் பச்சைவாடை புடிக்காதுன்னு.”

அவள் அந்தப் பக்கம் போன நேரமெல்லாம், கோசுமல்லியில் தொடங்கி எல்லாக் காய் மேலும் கொதிக்கிற எண்ணெய் இரண்டு தடவை விழுந்திருக்கிறது. அதுவும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த பாசத்தில். காய் வாடி வெந்து, அவருடைய கால் பங்கையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

“தாளிக்கக் கூடாதுன்னு அந்தம்மா சொன்னாங்கல்ல? உங்க காதுலயும் விழுந்துச்சல்ல?”

“தாளிக்காத பண்டத்தை எப்படிப் புள்ள தட்டுல வைக்கறது?” என்றார் சென்னியப்பன். குரலில் எதிர்ப்பே இல்லை. “சமையல் முடிஞ்ச மாதிரியே இருக்கறதில்லையே.”

சம்பூர்ணத்துக்குக் கோபம் தலைக்கேறியது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை. இத்தனை வருஷமும் எதை இறக்கினாலும் கடைசியில் கரண்டியைக் காயவைத்துச் சுர்ரென்று ஊற்றிய கை அவளுடையதுதான். அந்தச் சத்தம் கேட்டால்தான் சாப்பாடு ஆயிற்று என்று இருவரும் எழுந்து வருவார்கள். அவள் அடுப்படித் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சென்னியப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அம்மாவை அழாதேன்னு சொல்லுங்கப்பா,” என்றாள் மிருதுளா. “சரி,” என்றார் அவர்.

அதன் பிறகு சம்பூர்ணம் யாரையும் எதையும் தின்னச் சொல்லவில்லை. காய் நறுக்குவதை மட்டும் விடவில்லை. கை பழகிவிட்டது. நறுக்கியதைத் தானே தின்றாள்.

தை முடியும்போது அவள் பரணிலிருந்து அண்டாவை இறக்கினாள். அம்மா வீட்டுச் சீராக வந்த பித்தளை அண்டா. விளிம்பில் ‘சம்பூர்ணம்’ என்று பெயர் வெட்டியிருந்தது. கொல்லைப்புறத்துக் குழாயடியில் போட்டு, புளியைக் கரைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். களிம்பு விட்டுப் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. எப்படியும் தேவைப்படப் போகிறது, அவசரத்தில் தேய்த்தால் மூலையெல்லாம் சுத்தமாகாது. சென்னியப்பன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

“அளவு சரியா இருக்குமான்னு ஒருதரம் உட்கார்ந்து பாக்கறீங்களா?” என்று அவரைப் பார்க்காமலேயே கேட்டாள்.

“சரி.”

அவர் உள்ளே இறங்கி உட்கார்ந்தார். கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது. ஆனால் நேரம் ஆக ஆக அவரே பரவி நிறைத்துவிடுவார் என்று தெரிந்தது. இடுப்புப் பக்கம் ஏற்கெனவே வளைவுக்கு ஏற்றாற்போல் வந்துகொண்டிருந்தது. சம்பூர்ணம் தலையைக் குனிந்துகொண்டு வெளிப்பக்கத்தைத் தேய்த்தாள். காலை வெயில் அவள் கழுத்தில் விழுந்தது. தேய்க்கிற சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

“சம்பூர்ணம், சித்த நேரம் அப்படியே இரு,” என்றார் சென்னியப்பன்.

அவள் இடது காதுக்குப் பின்னால், கொண்டைக்குக் கீழே, ஏதோ பச்சையாக இருந்தது. அவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். வெள்ளைத் தண்டில் இரண்டே இரண்டு இலை, பயறு முளைத்தால் வருமே அதே மாதிரி. இத்தனை மாதமாக மூன்று பேர் பங்கையும் ஒருத்தியே தின்றிருக்கிறாள். முளைக்காமல் என்ன செய்யும்? அவர் இரண்டு விரலால் அதைக் கிள்ளினார். கிள்ளும்போது அவள், “ஸ்ஸ்” என்றாள், அவ்வளவுதான். அவர் அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே மிருதுளாவுக்கு ஏதோ கிள்ளுகிற சத்தம் கேட்டிருக்க வேண்டும். அந்த வீட்டில் பிறந்த பெண், இலை கிள்ளினால் அடுத்தது தாளிப்புத்தான் என்று அவளுக்குத் தெரியும். எண்ணெய் காய்கிற வாசனை வந்தது. கடுகு பொரிந்தது. புகைகிற தாளிப்புக் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் கொல்லைக் கதவருகே வந்து, “அப்பா, எங்கே ஊத்தட்டும்?” என்றாள்.

சம்பூர்ணம் தேய்ப்பதை நிறுத்தினாள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. புளித் தண்ணீர் மணிக்கட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

சென்னியப்பன் உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

“வேண்டாம்,” என்றார்.

அந்தச் சொல் சிறியதாக, எங்கோ ஆழத்திலிருந்து வந்தது. ஆனால் வெடுக்கென்று இருந்தது. பிறகு அவர் அந்த இரண்டு இலைகளையும் அப்படியே வாயில் போட்டு மென்றார். மெல்லுகிற சத்தம் சம்பூர்ணத்துக்குக் கேட்டது. அவள் புளிக்கையாலேயே முகத்தை மூடிக்கொண்டாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று மிருதுளாவுக்குத் தெரியவில்லை.

“கொஞ்சம் துவர்க்குது,” என்றார் சென்னியப்பன். “இன்னும் இருக்குதா?”

“நாளைக்கு வரும்,” என்றாள் சம்பூர்ணம்.

மிருதுளா கரண்டியைக் குழாயடியில் கவிழ்த்தாள். அவர் அண்டாவிலிருந்து எழுந்து கொள்ளக் கொஞ்சம் சிரமப்பட்டார். இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். தினமும் ஒரு துளிரை மென்றதில், இடுப்பில் பதிந்திருந்த வளைவு மாசி பிறப்பதற்குள் மறைந்தது. வேலுச்சாமி வீட்டுக்குப் போய், அந்தத் தெருவே எட்டிப் பார்க்கும்படி சத்தம் போட்டு, பாய்லரைத் திருப்பி இழுத்து வந்தார். சம்பூர்ணம் வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கடைசி வரைக்கும் கேட்டாள்.

தேய்த்த அண்டாவைச் சும்மா வைத்திருப்பானேன் என்று அதில் செம்மண் நிரப்பினார்கள். இப்போது விடிந்ததும் சம்பூர்ணம் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு அதில் ஏறி, வெயில் பக்கமாகத் திரும்பி நிற்பாள். மிருதுளா பூவாளியால் தண்ணீர் ஊற்றுவாள். சென்னியப்பன் பல் விளக்கிவிட்டு வந்து, இன்றைக்கு என்ன துளிர்த்திருக்கிறது என்று பார்ப்பார். சில நாள் கீரை, சில நாள் கொத்தமல்லி. முள்ளங்கி வந்த அன்றைக்கு அவர் வேண்டாம் என்றார். அதற்கு இருவரும் சாயங்காலம் வரைக்கும் சண்டை போட்டார்கள்.

பக்கத்து வீட்டு மல்லேசுவரி, அடுப்பில் ஏதாவது வைத்துவிட்டால் ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்கு இந்த வீட்டுச் சுவரைத் தேடி வருகிறவள். அன்றைக்கும் வந்தாள். அவள் புருஷனுக்கு அரைப்பதம் தாண்டிவிட்டதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

“ஏனுங்க்கா, ஒரு கொத்து இருந்தாக் குடுங்களே.”

சம்பூர்ணம் அண்டாவில் நின்றபடியே சுவருக்கு மேலாகத் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள்.

“வேணுங்கறதைக் கிள்ளிக்கோ,” என்றாள். “தாளிச்சுப்போடாதே.”